கயிற்றுக்கு வெளியே கமராக்கள்

ரோபோப் போட்டிக்குத் தொண்டராகப் பெயர் கொடுத்தபோது எனக்கு நடுவர் வேலை கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். மின்னியல் படித்து முடித்து, ஒரு நிறுவனத்தின் சோதனைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்திருந்த காலம் அது. தொண்டர்களைப் பிரித்துக்கொண்டிருந்த பெண்மணி என்னை நிமிர்ந்து பார்த்து, "பிரெஞ்சு, ஆங்கிலம் இரண்டும் வருமா?" என்று கேட்டார். வரும் என்றேன். "யாரோடும் சண்டை பிடிக்க மாட்டீர்களே?" மாட்டேன் என்றேன். "அப்படியென்றால் கமராக்களை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்."

பாடசாலைப் பிள்ளைகளின் போட்டி ஒன்றில் கமராக்களைப் பார்க்க ஏன் தனியாக ஓர் ஆள் என்று எனக்கு விளங்கவில்லை. தலைமை நடுவர்தான் விளக்கினார். அவர் ஒரு கணித ஆசிரியை. கியூபெக்கின் வடக்கே ஏதோ ஒரு சிறிய ஊர்க்காரி. எதைச் சொன்னாலும் மேசையில் விரலால் கோடு போட்டுச் சொல்வார்.

பிள்ளைகள் செய்யும் ரோபோக்கள் சப்பாத்துப் பெட்டி அளவானவை. உயர்ந்த விளிம்புள்ள ஒரு மேசையில் வெள்ளை விரிப்பு இருக்கும், அதில் ஒரு கறுப்புக் கோடு ஓடும். ரோபோ தன் வயிற்றுக்குக் கீழே ஒரு சிறு சிவப்பு விளக்கை எரித்து, விரிப்பில் பட்டுத் திரும்பி வரும் ஒளியை அளக்கும். நிறைய வந்தால் வெள்ளை, குறைவாக வந்தால் கறுப்பு. இரண்டுக்கும் நடுவே ஓர் எண்ணைப் பிள்ளைகள் புரோகிராமில் எழுதி வைப்பார்கள். அதைக் கொண்டுதான் ரோபோ கோட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு போய், மேசைக் கோடியில் உள்ள கட்டையை எடுத்துத் திரும்பும். யாராவது பக்கத்தில் நின்று பளிச்சென்று படம் எடுத்தால் கறுப்பும் வெள்ளையாகத் தெரிந்துவிடும். மாதக்கணக்கான உழைப்பு ஒரு மாமாவின் புகைப்படத்தால் மேசை விளிம்பில் மோதி முடிந்துபோன கதைகள் அவரிடம் நிறைய இருந்தன.

எனக்கு உடனே இந்த வேலை பிடித்துப்போயிற்று. கமரா வைத்திருப்பவர்களை வகை பிரித்தேன். தொலைக்காட்சி, பத்திரிகை, பாடசாலையின் சொந்தப் படப்பிடிப்பாளர், பெற்றோர். கழுத்தில் அட்டை தொங்கவிட்டால் அதை அடுத்தவருக்குக் கழற்றிக் கொடுத்துவிடுவார்கள் என்பதால், அனுமதியை ஆளுக்குக் கொடுக்காமல் கமராவிலேயே ஒட்டுவது என்று முடிவு செய்தேன். பச்சை ஒட்டிய கமரா போட்டி மேசையைச் சுற்றிக் கட்டிய கயிறு வரை வரலாம். மஞ்சள் ஒட்டியது பார்வையாளர் படிகளில் இருக்க வேண்டும். எந்த நிறமானாலும் அரங்குக்குள் விளக்குப் போடக் கூடாது. குழுக்கள் வேலை செய்யும், பயிற்சி மேசை உள்ள ஆயத்த அறையில் பெற்றோர் தங்கள் பிள்ளைகளைத் தாராளமாக எடுக்கலாம். மதிய இடைவேளையில் போட்டி மேசை தொலைக்காட்சிக்காரருக்கு. அந்த ஒரு மணி நேரம் மட்டும் மேசை என் பொறுப்பில். இதையெல்லாம் இரண்டு மொழிகளிலும் அச்சடித்து வாசலில் ஒட்டிவிட்டு, எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன் என்று திருப்தியாக இருந்தேன்.

மார்ச் மாதத்துச் சனிக்கிழமை. நான் குடியிருந்த நோத்ர-டாம்-த-கிரேஸிலிருந்து இரண்டு பஸ் மாறி, ரொக்ஸ்பரோப் பக்கம் இருந்த அந்தப் பாடசாலைக்கு விடியவே போய்ச் சேர்ந்தேன். வாசல் முழுதும் பனிச் சப்பாத்துகள், அவற்றிலிருந்து வழிந்த உப்புத் தண்ணீர். தொலைக்காட்சி வண்டியை எங்கே நிறுத்துவது என்று வெளியே நின்று கதைத்துவிட்டு உள்ளே வந்தபோது, அரங்கில் முதல் சுற்று தொடங்க இருந்தது. கயிற்றை ஒட்டி, பச்சை நிறம் ஒட்டிய ஒரு பெரிய தோள் கமரா. அதன் தலையில் மோட்டார் சைக்கிள் முகப்பு விளக்கைப் போல ஒரு விளக்கு. அதைத் தாங்கியவரின் இடுப்பில், சிறு சிறு பெட்டிகள் கோத்த பற்றரிப் பட்டி. எந்தத் தொலைக்காட்சி என்று கேட்கப் பிரெஞ்சில் வாயைத் திறந்தேன். அவர் திரும்பினார்.

அவரை எனக்குத் தெரியும். எங்கள் நகரத்தில் எந்தத் தமிழருக்குத்தான் தெரியாது? கலியாணம், பெண் பிள்ளைகளின் சாமத்தியவீடு, தேவாலயத்து முதல் நன்மை, செத்தவீட்டு நாற்பதாம் நாள் எல்லாவற்றிலும் எங்களுக்கும் மேடைக்கும் நடுவில் நிற்கிற முதுகு அவருடையது.

"அட, தங்கச்சி! நீங்களும் இஞ்சயோ?"

"அண்ணை, உங்களுக்கு ஆர் பச்சை ஒட்டினது?"

"வாசல்லை நிண்ட பிள்ளைதான். கமராவைப் பாத்திட்டு 'டெலேவிசியோன்?' எண்டு கேட்டுது. நான் ஓம் எண்டன். பின்னை? ரிவியிலை போட்டுத்தானே சனம் பாக்குது."

"நீங்கள் ரிவிக்காரர் இல்லையண்ணை. மஞ்சள்தான் ஒட்டலாம். படியிலை இருந்து எடுங்கோ. லைட்டையும் நிப்பாட்டுங்கோ."

"லைட் இல்லாட்டி எப்பிடி, தங்கச்சி? பிள்ளை கறுப்பா விழும். பேந்து தகப்பன் என்னைப் பிடிச்சுத் தின்னுவார்."

தகப்பனும் வந்து சேர்ந்தார். டொலார்ட்-டெஸ்-ஓர்மோவிலிருந்து வந்திருந்தார். நல்ல கோட்டும் டையும் கட்டியிருந்தார். அந்தக் கூடத்தில் டை கட்டியிருந்தவர் அவர் ஒருவர்தான். மகள் முதல் தடவையாக ஒரு போட்டிக்கு வருகிறாள், தவக்காலத்தில் கலியாணங்கள் இல்லாததால் வீடியோக்காரர் ஓய்வாக இருந்தார், அதனால் பிடித்து வந்ததாகச் சொன்னார்.

"ஜெர்மனியிலை அத்தைமார், லண்டனிலை பெரியப்பா, எல்லாருக்கும் கொப்பி அனுப்பவேணும். படியிலை இருந்து எடுத்தால் என்னத்தைத் தெரியப்போகுது, பிள்ளை? ஒரு முதுகுக்கூட்டம்தான் தெரியும்."

"சட்டம் எல்லாருக்கும் ஒண்டுதான், அங்கிள்."

"நீங்கள் எங்கடை பிள்ளை எண்டுதான் கேக்கிறன்."

"அதுக்காண்டித்தான் நான் கூடக் கவனமா இருக்கவேணும்."

அந்த நேரம் ஒரு பெண் பிள்ளை ஓடி வந்து அவரது கையைப் பிடித்து இழுத்தாள். பதினான்கு வயது இருக்கும். குழுவின் செம்மஞ்சள் பனியன், தலைமயிரை இறுக்கிப் பின்னியிருந்தாள். "அப்பா, போய் இருங்கோ, ப்ளீஸ். எல்லாரும் பாக்கினம்." என்னிடம், "சொறி அக்கா" என்றாள். வீடியோ அண்ணை விளக்கை அணைத்தார். நான் பச்சையை உரித்து மஞ்சளை ஒட்டினேன். இருவரும் கலியாண மண்டபத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் போலப் படியேறினார்கள்.

அவளுடைய குழுவின் முதல் ஓட்டம் அதற்குப் பிறகுதான். ஒவ்வொரு குழுவுக்கும் மூன்று ஓட்டங்கள். அதில் நல்லது எதுவோ அதுதான் கணக்கு. அவள் ரோபோவை வைத்து, பொத்தானை அமத்தினாள். அது ஒரு அடி முன்னே போய், இடது பக்கம் திரும்பி, திரும்பி, திரும்பி, நின்ற இடத்திலேயே சுற்றத் தொடங்கியது. நேரம் முடியும்வரை சுற்றியது. இரண்டாவது ஓட்டத்திலும் அதே வட்டம்.

நான் கமராக்களைப் பார்க்க வேண்டியவள். ஆனால் என் கண் அந்த வட்டத்தை விட்டு விலகவில்லை. பிழையான ரோபோக்கள் பல விதமாகப் பிழைக்கும்: ஒன்று நிற்கும், ஒன்று சுவரில் முட்டும், ஒன்று பாதி வழியில் உதிரும். ஒரே மாதிரி இரண்டு தடவை பிழைப்பதற்கு ஒரே காரணம் வேண்டும். வேலையில் நான் நாள் முழுதும் தேடுவது இந்த மாதிரிப் பிழைகளைத்தான். எதையாவது ஒவ்வொரு முறையும் ஒரே விதமாகச் செய்கிற இயந்திரம் பொய் சொல்வதில்லை. அதற்குத் தெரிந்ததைத்தான் செய்கிறது. இதற்கு என்ன தெரிகிறது?

ஆயத்த அறையில் அவளைக் கண்டேன். அவர்களுடைய ஆசிரியர், நல்ல மனிதர், களைத்துப்போயிருந்தார். மூன்றாவது ஓட்டத்துக்குப் பழைய புரோகிராமைப் போடச் சொல்லிவிட்டார். அது கோட்டைப் பார்க்காது. நேரே போய் ஒரு கட்டையைத் தள்ளிவிட்டு நிற்கும். சில புள்ளிகள் கிடைக்கும். கோட்டைப் பின்தொடரும் புரோகிராமை எழுதியது அவள். இலையுதிர் காலத்திலிருந்து ஒவ்வொரு நாளும் பாடசாலை முடிந்து எழுதியது. இன்றைக்கு அது ஒரு தடவையாவது ஓடாவிட்டால், அடுத்த வருடம் அந்த வேலை வேறு ஒருவருக்குப் போகும் என்று குழுவில் ஒருவன் அவள் காதுபடவே சொன்னான்.

"காலமை பிராக்டிஸ் மேசையிலை வடிவா ஓடினது, அக்கா. எத்தினை தரம் விட்டம்! ஒருக்காலும் பிழைக்கேல்லை. புரோகிராமிலை பிழை இல்லை." அவள் அழவில்லை. அழாமல் இருப்பதில் முழுக் கவனமாக இருந்தாள்.

வாசலில் தகப்பன் என்னை மறித்தார். "பாத்தீங்களோ பிள்ளை? நீங்கள் லைட்டை நிப்பாட்டினதோடைதான் எல்லாம் சறுக்கினது." சகுனம் சொல்வது போலச் சொன்னார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டு சிரித்துவிட்டுப் போனேன்.

மதியத்துக்குச் சற்று முன், வேறு ஒரு குழுவின் தாய் வந்து முறைப்பட்டார். ஒரு பெரிய கமராக்காரர் காலையில் ஆயத்த அறையில் தன் மகனையும் சேர்த்துப் படம் எடுத்தாராம். தனக்கு அது விருப்பமில்லையாம். அது என் வேலை. வீடியோ அண்ணையைத் தேடிப் போனேன். சிற்றுண்டி இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்து, அலுமினியத் தாளில் சுற்றிய ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"காலமை எடுத்ததை ஒருக்காப் போட்டுக் காட்டுங்கோ அண்ணை."

"ஆயத்தமோ? எடுத்தனான். அது எடுக்காமல் விடலாமே? கலியாணத்திலை பொம்பிளை சோடிக்கிறதை எடுக்காட்டி முழுக் கசெட்டும் மொட்டையாப் போடும். இதுக்கும் அப்பிடித்தான். பிள்ளை ரோபோவைத் துடைக்கிறது, பூட்டுறது, ஓடவிட்டுப் பாக்கிறது எல்லாம் கிடக்கு."

கமராவில் கண் வைத்துப் பார்த்தேன். அந்தத் தாயின் மகன் ஒரு மூலையில் தெரிந்தான். அந்தப் பகுதியை வெட்டிவிடும்படி சொன்னேன். அதோடு என் வேலை முடிந்தது. ஆனாலும் கண்ணை எடுக்கவில்லை. ரோபோ பயிற்சி மேசையில் கோட்டைப் பிடித்துக்கொண்டு அழகாக வளைந்து போய்க்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில், அதனோடேயே, கத்தியால் வெட்டியது போல ஒரு கறுப்பு நிழல் போனது. வெள்ளை விரிப்பு பாலைப் போல ஒளிர்ந்தது.

அந்த அறையின் குழல்விளக்குகளின் கீழே எதற்கும் அப்படி நிழல் விழாது.

பளிச்சென்று எல்லாம் விளங்கிற்று. காலையில் அவள் வெள்ளையையும் கறுப்பையும் அளந்து எண்ணை எழுதியபோது, ஓட்டிப் பார்த்துத் திருத்தியபோது, வீடியோ அண்ணை இரண்டு அடி தள்ளி நின்று அந்த முகப்பு விளக்கைப் பிடித்திருக்கிறார். அவளுடைய ரோபோவுக்குத் தெரிந்த வெள்ளை, கலியாண வீட்டு வெள்ளை. அரங்கில் நான் விளக்கை அணைக்கச் சொன்னதும் விரிப்பு முழுவதும் அதற்குக் கறுப்பாகிவிட்டது. கறுப்பைக் கண்டால் இடது பக்கம் திரும்பு என்பது கட்டளை. அது கட்டளைப்படி திரும்பிக்கொண்டே இருந்தது. வெளிச்சம் கூடினால் பிழைக்கும் என்று எல்லாருக்கும் தெரியும், அதற்காகத்தான் சட்டமே. குறைந்தால்? அரங்கைப் பற்றி மட்டும் யோசித்த எனக்கு, ஆயத்த அறைக்கு ஒருவர் கலியாண விளக்கோடு வருவார் என்று தோன்றியிருக்கவே இல்லை. வேறு எந்தச் சமூகத்திலும் வந்திருக்கவும் மாட்டார்.

ஓடிப்போய் அவளிடம் சொல்லலாம் என்று இரண்டு எட்டு வைத்தேன். நின்றுவிட்டேன். தொண்டர்கள் யாரும் எந்தக் குழுவுக்கும் தொழில்நுட்ப உதவி செய்யக் கூடாது. மீறினால் போட்டியிலிருந்து நீக்கப்படுவது தொண்டர் அல்ல, குழு.

தலைமை நடுவரிடம் போனேன். "ஒரு குழு, தங்கள் குடும்பம் எடுத்த வீடியோவைத் தாங்களே பார்க்கலாமா?"

"ஏன் பார்க்கக் கூடாது? அது அவர்களுடையது."

"நான் அதைப் பார்க்கும்படி சொல்லலாமா?"

அவர் மேசையில் விரலால் ஒரு கோடு போட்டார். "பார்க்கச் சொல்லலாம். எதைப் பார்ப்பது என்று சொல்லக் கூடாது."

வீடியோ அண்ணையிடம் திரும்பி வந்து, பிள்ளையைக் கூப்பிட்டு அந்தக் கசெட்டைக் காட்டச் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம். கைகளைத் துடைத்துவிட்டு அவளைக் கூட்டி வந்தார். நான் சிற்றுண்டி இயந்திரத்தின் மறுபக்கம் நின்று, சிப்ஸ் வகைகளை வாசிப்பது போல நடித்தேன்.

"இஞ்ச பார் பிள்ளை, இந்த வளைவிலை ஸ்லோ மோஷன் போட்டு, பின்னாலை ஒரு புல்லாங்குழல் விடப்போறன்."

"அண்ணை, பாட்டு வேண்டாம்."

"பாட்டு இல்லாட்டிக் கொப்பர் விடுவாரே?"

முதல் தடவை அவள் ரோபோவை மட்டும் பார்த்தாள். "பாருங்கோ, ஓடுதுதானே! ஓடுதுதானே!" என்று கோபமாகச் சொன்னாள். திரும்பப் போடச் சொன்னாள். இரண்டாவது தடவையும் அதையேதான் பார்த்தாள். எனக்கு வாய் உளைந்தது. ஒரே ஒரு சொல், நிழல் என்ற சொல், என் பல்லுக்குப் பின்னால் நின்றது. அவர் கசெட்டை நிறுத்தப் போனார். "பொறுங்கோ" என்றாள். கண்ணைக் கமராவோடு இன்னும் நெருக்கி வைத்தாள்.

"அண்ணை, இதென்ன கறுப்பா, ரோபோக்குப் பக்கத்திலை?"

"நிழல். சும்மா இயற்கையான நிழல்."

"ஏன் அரங்கிலை இந்த நிழல் இல்லை?" பிறகு, குரல் மாறி: "இதை லைட் போட்டோ எடுத்தனீங்கள்?"

"பின்னை? நான் லைட் இல்லாமல் எடுத்ததா ஒருத்தரும் சொல்லேலாது."

அவள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தாள்.

சில நிமிடங்களில் என் முன்னால் வந்து நின்றாள். பக்கத்தில் ஆசிரியர். இந்த முறை அக்கா என்று கூப்பிடவில்லை. பிரெஞ்சில், ஒழுங்காக, மதிய இடைவேளையில் போட்டி மேசையில் ஒளி அளக்க அனுமதி வேண்டும் என்று கேட்டாள். நடுவர்தான் என்னிடம் அனுப்பினாராம். பயிற்சி மேசை வேறு அறையில், வேறு விளக்குகளின் கீழே இருந்தது. அங்கே அளந்து இனிப் பயனில்லை.

அந்த ஒரு மணி நேரம் தொலைக்காட்சிக்கு வாக்குக் கொடுத்தது. ஒரு குழுவுக்குத் திறந்தால் எல்லாக் குழுவுக்கும் திறக்க வேண்டும். செய்தியாளரிடம் போனேன். சிவப்பு மப்ளர் கட்டிய பெண்; கோப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். வெறும் மேசையில் இரண்டு ரோபோக்களை வைத்து, இரண்டு பிள்ளைகளைச் சிரிக்கச் சொல்லி எடுப்பதுதான் ஏற்பாடு. அதற்குப் பதிலாக, பிள்ளைகள் உண்மையாகவே வேலை செய்வதை எடுக்கலாம், ஆனால் விளக்கில்லாமல் என்றேன்.

"விளக்கில்லாமலா?" கமராக்காரர் கூரையைப் பார்த்தார். "இந்தக் குழல்விளக்கில் எல்லாரும் மூன்று நாள் பழைய மீன் மாதிரித் தெரிவார்கள்."

"சிரிக்கச் சொன்னால் மட்டும் எப்படித் தெரிகிறார்கள்?" என்றார் செய்தியாளர். கோப்பியைக் குடித்து முடித்தார். "சரி. வேலை செய்யட்டும்."

ஒலிபெருக்கியில் அறிவித்ததும் குழுக்கள் வந்து வரிசையில் நின்றன. முறைக்கு இரண்டு நிமிடம். செம்மஞ்சள் பனியன்கள் வரிசையின் பின்பக்கம் நின்றன. முன்னால் விடும்படி தகப்பன் கண்ணால் கேட்டார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். முன்னால் நின்ற குழுக்களில் பாதிப் பேருக்கு என்ன அளப்பது என்றே தெரியவில்லை. சும்மா தங்கள் ரோபோவை ஒருமுறை ஓட்டிப் பார்த்தார்கள்.

இடைவேளை முடிய இருந்தபோது அவளுடைய முறை வந்தது. தகப்பன் மேசைக்கு மேலே குனிந்தார். வீடியோ அண்ணை குனிந்தார். தொலைக்காட்சிக் கமரா குனிந்தது. ஆசிரியர், குழு, நான் எல்லாரும் குனிந்தோம். ரோபோவின் சின்னத் திரையில் எண் ஏறியும் இறங்கியும் ஆடியது. அவள் அதைப் பார்த்தாள். நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள்.

"எல்லாரும் தள்ளி நில்லுங்கோ." பிறகு அதையே பிரெஞ்சில், பிறகு ஆங்கிலத்தில். "உங்கடை நிழல் விழுது. கயிற்றுக்கு அங்காலை போங்கோ. அப்பா, நீங்களும்."

நாங்கள் போனோம். தொலைக்காட்சிக்காரரும் போனார். நான்தான் கடைசியாகக் கயிற்றைத் தாண்டினேன். அவள் தானும் கையை நீட்டி எட்ட நின்று, வெள்ளையில் ஒருமுறை, கறுப்பில் ஒருமுறை அளந்தாள். மணி அடித்தது. ஓட்டிப் பார்க்க நேரம் இல்லை.

ஆசிரியர் கேட்டார்: "நிச்சயமா?"

"இப்ப வெள்ளை எண்டு வாற நம்பர், காலமை நான் எழுதின நம்பரை விடக் குறைவு" என்று அவள் தமிழிலேயே தொடங்கி, அவருக்கு விளங்காது என்று கண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடியும் பிரெஞ்சில் சொன்னாள். அவர் சொன்னார்: "பழைய புரோகிராமில் புள்ளி நிச்சயம்." அவள் ரோபோவின் திரையை அவர் பக்கம் திருப்பினாள். "சரி," என்றார், "இது உன்னுடையது."

மூன்றாவது ஓட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். நடுவர் கையைத் தூக்கி இறக்கினார். அவள் பொத்தானை அமத்தி, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். ரோபோ ஒரு அடி முன்னே போனது. இடது பக்கம் திரும்பியது. பிறகு வலது பக்கம் கொஞ்சம். பிறகு இடது. மூக்கால் மணந்து மணந்து போகிற நாயைப் போலக் கோட்டின் ஓரத்தைத் தட்டித் தட்டிப் போனது. முதல் வளைவில் மெதுவாகி, வளைந்து போனது. இரண்டாவது வளைவில் கோட்டை விட்டு ஒரு விரல் அளவு விலகிப் போய், தயங்கி, திரும்பி வந்து பிடித்தது. பின்னால் யாரோ "அம்மாடி" என்றார்கள். மேசையின் கோடியில் கிடந்த கட்டையைத் தூக்கிக்கொண்டு அதே கோட்டால் திரும்பத் தொடங்கியபோது, காலையில் அவள் காதுபடச் சொன்ன பையன் இரண்டு கையாலும் தன் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் அவனைப் பார்க்கவில்லை. எந்தக் கமராவையும் பார்க்கவில்லை. உதட்டை அசைத்து, தான் எழுதிய வரிகளை ஒவ்வொன்றாக அதனோடு சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

அது புறப்பட்ட இடத்துக்கே வீடு திரும்பி வந்து நின்றது.

அவர்களுக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. பட்டியலின் நடுவில் எங்கோ வந்தார்கள். ஆனால் அடுத்த வருடம் யார் புரோகிராம் எழுதுவது என்று அதன் பிறகு யாரும் கதைக்கவில்லை.

மாலையில் தலைமை நடுவர், தன் பதிவுக்காக, மூன்றாவது ஓட்டத்தின்போது கயிற்றுக்குள் யாராவது கமராவோடு வந்தார்களா என்று என்னிடம் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். அன்று முழுவதும் எந்தக் கமரா எங்கே நின்றது என்று என்னால் சொல்ல முடிந்தது. அந்த ஓட்டத்தின்போது மட்டும் எனக்குத் தெரியவில்லை. அப்படியே அவரிடம் சொன்னேன்.

"எனக்கும் தெரியவில்லை," என்றார் அவர்.